மிஷன் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்: நம்மை வரச் சொன்னது யார்?

சபையில் மிஷன் பயணம் என்று அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை நாள், எவ்வளவு செலவாகும், என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதைத்தான். நியாயமான கேள்விகள்தான். ஆனால் போகிற இடம் பழங்குடி மக்களின் ஊர் என்றால், இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்மை வரச் சொன்னது யார்? அந்த ஊரின் மூப்பர்களா, அங்கே ஏற்கெனவே இருக்கிற சபையா, இல்லை இங்கே உட்கார்ந்து நாமே முடிவு செய்துகொண்டு கிளம்புகிறோமா? இதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே அந்தப் பயணம் அந்த மக்களுக்கு நல்லதாக அமையுமா, பாரமாக அமையுமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பது என் நம்பிக்கை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்கக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1493ல் போப் ஆறாம் அலெக்சாண்டர் ஒரு ஆணை வெளியிட்டார். கொலம்பஸ் போய்ச் சேர்ந்த நிலங்களும் அதற்கு அப்பால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் நிலங்களும் ஸ்பெயின் அரசர்களுக்கு, அங்கே இருப்பவர்களைக் கிறிஸ்தவர்களாக்கும் பொறுப்பும் அவர்களுக்கே என்பது அதன் சாரம். போர்த்துகலுக்கு இதே போன்ற ஆணைகள் 1452லும் 1455லும் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தன. அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவற்றை அடிப்படையாக வைத்து வளர்ந்ததுதான் 'கண்டுபிடிப்புக் கோட்பாடு' என்று பின்னால் அழைக்கப்பட்டது. 1823ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட இதை எடுத்துக்கொண்டு, பூர்வகுடிகளுக்கு அவர்கள் நிலத்தில் முழு உரிமை கிடையாது என்று தீர்ப்பு எழுதியது. உலகத் திருச்சபைகள் மன்றம் 2012லும், வத்திக்கான் 2023 மார்ச் 30 அன்றும் இந்தக் கோட்பாட்டை நிராகரித்தன. ஐந்நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதே வரலாற்றில் வேறு குரல்களும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 1511ல் ஹிஸ்பானியோலா தீவில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற துறவி, பூர்வகுடிகளை வதைத்துக்கொண்டிருந்த ஸ்பானிய நிலக்காரர்களை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று பிரசங்க பீடத்திலிருந்தே கேட்டார். அந்தப் பிரசங்கத்தை எழுதி வைத்தவர் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். அவரும் ஒரு காலத்தில் பூர்வகுடிகளின் உழைப்பில் வாழ்ந்தவர்தான். 1514ல் அதை விட்டுவிட்டு மீதி வாழ்நாள் முழுவதும் அவர்களுக்காக வாதாடினார். ஆக, மிஷனரி என்ற சொல்லுக்குள் இரண்டு ஞாபகங்கள் இருக்கின்றன. நமக்கு இரண்டாவது ஞாபகம்தான் சட்டென்று வருகிறது. நாம் போகிற ஊரில் முதலாவதுதான் முதலில் வரும்.

கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1990கள் வரை 1,50,000க்கும் அதிகமான பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். பணம் அரசாங்கத்துடையது, பள்ளிகளை நடத்தியது பெரும்பாலும் திருச்சபைகள்: கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், யுனைட்டெட், பிரெஸ்பிட்டேரியன் சபைகள். தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள், அடியும் பாலியல் வன்முறையும் நடந்தன, பல ஆயிரம் குழந்தைகள் வீடு திரும்பவே இல்லை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று குறிப்பிட்டது. இந்தப் பள்ளிகளுக்காக ஆங்கிலிக்கன் சபை 1993லும், பிரெஸ்பிட்டேரியன் சபை 1994லும், யுனைட்டெட் சர்ச் 1998லும் மன்னிப்புக் கேட்டன. போப் பிரான்சிஸ் 2022 ஜூலையில் ஆல்பர்ட்டாவின் மாஸ்க்வாசிஸ் என்ற இடத்துக்கே போய்க் கேட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரே நிற டி-ஷர்ட் போட்ட இருபது பேரோடு, கிதாரும் பைபிளும் எடுத்துக்கொண்டு, சிறுவர்களைக் கூட்டி விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தலாம் என்று ஒரு ஊருக்குள் போகிறீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, ஆறு வயதில் அப்படி ஒரு பள்ளிக்கு வண்டியில் ஏற்றப்பட்டவர். உங்கள் சிரிப்பில் அன்பு இருக்கிறது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் தன் பேரக்குழந்தைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற காட்சி அவருக்கு என்ன செய்யும் என்பது உங்கள் அன்பைப் பொறுத்த விஷயம் கிடையாது. அழைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான். ஊருக்குள் எந்த வீட்டில் எந்தக் காயம் இருக்கிறது என்பது அழைக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் உடம்பு சம்பந்தப்பட்டது. மார்க்கஸ் விட்மன் ஒரு மருத்துவர், மனைவி நார்சிசாவோடு 1836ல் இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் கேயூஸ் மக்கள் மத்தியில் பணித்தளம் அமைத்தவர். 1847ல் அந்தப் பக்கமாக வந்த குடியேறிகளோடு தட்டம்மையும் வந்தது. அவர் கையில் வைத்தியம் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள், எதிர்ப்புச் சக்தி இல்லாத கேயூஸ் குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். சில மாதங்களில் அந்தப் பகுதியின் கேயூஸ் மக்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மருந்தில் விஷம் வைக்கிறார் என்ற சந்தேகம் பரவி, அந்த வருடம் நவம்பர் 29 அன்று விட்மன் தம்பதியும், அன்றும் அடுத்த சில நாள்களிலுமாக அங்கிருந்த இன்னும் பதினோரு பேரும் கொல்லப்பட்டார்கள். இதில் யாரை வில்லனாக்குவது? நோயைச் சுமந்து போனவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் இதில் மிகவும் வருத்தமான விஷயம். வெளியுலகத் தொடர்பில்லாமல் வாழும் மக்களுக்கு இன்றும் இதே ஆபத்து அப்படியே இருக்கிறது. தொடர்பில்லாத மக்களை வலியத் தேடிப் போகக் கூடாது என்பதை பிரேசில் 1987 முதல் கொள்கையாகவே வைத்திருக்கிறது, 2020ல் பெருந்தொற்றுக் காலத்தில் அப்படிப்பட்ட மக்கள் வாழும் ஜவாரி பள்ளத்தாக்குக்குள் மிஷனரிகள் நுழைய அங்கே ஒரு நீதிமன்றம் தடை விதித்தது. அந்தமானில் உள்ள வடக்கு சென்டினல் தீவுக்கு 2018 நவம்பரில் தடையை மீறிப் போய் உயிரிழந்த ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞரைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். அவருடைய பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வேண்டாம் என்று அம்பெய்து சொல்கிற மக்களிடம் போவது ஊழியம் ஆகாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அழைப்பு என்பதன் எடையை எனக்கு அதிகம் புரியவைத்தது எக்வடோரில் நடந்த ஒரு கதை. 1956 ஜனவரி 8 அன்று ஜிம் எலியட், நேட் செயின்ட் உட்பட ஐந்து இளம் மிஷனரிகள் குராராய் ஆற்றங்கரையில் வாவோரானி மக்களின் ஈட்டிகளுக்கு இரையானார்கள். அதற்கு முன் சில மாதங்களாகச் சிறு விமானத்திலிருந்து கயிற்றில் கட்டிப் பரிசுப் பொருள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நட்பு உண்டாகிவிட்டது என்று நம்பித்தான் ஆற்றங்கரையில் போய் இறங்கினார்கள். அந்த மக்களை அவர்கள் குறிப்பிட்ட பெயர்கூட 'அவுக்கா', அதாவது காட்டுமிராண்டி என்று பக்கத்து இனத்தார் வைத்த பெயர். அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்வது வாவோரானி என்று, 'மனிதர்கள்' என்று அர்த்தம். இதுவரைக்கும் பல சபைகளில் சாட்சியாகச் சொல்லப்படும் கதைதான். இதற்கு அடுத்தது என்ன என்பதைத்தான் நாம் சரியாகக் கவனிப்பதில்லை. தாயுமா என்ற வாவோரானிப் பெண் பல வருடங்களுக்கு முன்பே தன் ஊரைவிட்டுத் தப்பி வெளியே வந்திருந்தார். 1958ல் அவர் வேறு இரண்டு வாவோரானிப் பெண்களோடு ஊருக்குத் திரும்பிப் போய்ப் பேசி, வரலாம் என்ற அழைப்போடு வந்தார். அப்புறம்தான் எலியட்டின் மனைவி எலிசபெத் தன் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டும், நேட் செயின்ட்டின் சகோதரி ரேச்சல் அவரோடும் அங்கே குடிபோனார்கள். அந்த மக்களின் மொழியை ரேச்சல் தாயுமாவிடமிருந்தே கற்றிருந்தார். விமானத்திலிருந்து இறங்கிய பொருள்களால் ஆகாத காரியம், அந்த மண்ணின் ஒரு பெண் போய்ப் பேசியதால் ஆயிற்று.

கதை அத்தோடு சுபமாக முடியவும் இல்லை. சிதறி வாழ்ந்த மக்களை மிஷன் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்தார்கள், 1969ல் அங்கே போலியோ பரவிப் பலர் இறந்தார்கள், ஊனமானார்கள். மக்கள் விட்டுப்போன காட்டில் எண்ணெய் எடுக்கிறவர்களுக்கு வழி சுலபமானது. அதே சமயம், தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பழிவாங்கும் கொலைகள் வெகுவாகக் குறைந்ததற்கு அந்தப் பெண்களின் வருகை ஒரு காரணம் என்று வாவோரானிகளிலேயே பலர் சொல்கிறார்கள். அழைப்பு இருந்தும், அன்பு இருந்தும், வருடக்கணக்கில் தங்கி மொழி கற்றும்கூட இத்தனை சிக்கல் என்றால், பத்து நாள் பயணம் போகிற நாம் எவ்வளவு நிதானமாகக் கால் வைக்க வேண்டும்?

போகவே வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள், அதுவும் திருச்சபைக்கு உள்ளேயிருந்தே. இவான் இல்லிச் என்ற கத்தோலிக்க குரு 1968ல் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தன்னார்வலர்களிடம், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கென்யாவின் பிரெஸ்பிட்டேரியன் தலைவர் ஜான் காட்டு 1971ல் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் சபை தன் காலில் நிற்கப் பழக வேண்டும், கொஞ்ச காலத்துக்கு மிஷனரிகளை அனுப்புவதை நிறுத்துங்கள் என்று கேட்டார். இவர்கள் யாரும் விசுவாசத்துக்கு விரோதிகள் கிடையாது. கொடுக்கிறவர் எப்போதும் ஒரே பக்கம், வாங்குகிறவர் எப்போதும் மறுபக்கம் என்ற ஏற்பாடு இரண்டு பக்கத்தையும் கெடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. 1998ல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸை அழித்த பிறகு வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வீடு கட்டப் போனார்கள். கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பின்னால் இதை ஆராய்ந்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டியது, வெளியிலிருந்து வந்த குழுக்கள் விமானக் கட்டணமும் சேர்த்து ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் செலவழித்திருந்தன. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்க்கையில் யார் கட்டிய வீடு என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. போய்வந்தவர்கள் தங்கள் வாழ்க்கை மாறிவிட்டது என்றார்கள், ஆனால் அவர்கள் காணிக்கையிலும் ஜெபத்திலும் நீடித்த மாற்றம் அதிகம் தெரியவில்லை. இது பழங்குடி ஊர்களைப் பற்றிய ஆய்வாக இல்லாவிட்டாலும் கணக்கு எங்கேயும் ஒன்றுதான். பெயர் கொடுக்கும் முன் குழுத் தலைவரிடம், மொத்தச் செலவில் அந்த ஊருக்குள் போய்ச் சேர்வது எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்படியானால் போவதில் அர்த்தமே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிற அர்த்தம் வேறு. பழங்குடி மக்கள் என்றாலே சுவிசேஷம் கேள்விப்படாதவர்கள் என்று ஒரு படம் நம் மனதில் பதிந்து கிடக்கிறது, அது பெரும்பாலும் தவறு. உலகில் எத்தனையோ பழங்குடி இனங்களில் மூன்று நான்கு தலைமுறையாகச் சபை இருக்கிறது. மிசோ மக்களைப் பாருங்கள். 1894ல் லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் அங்கே போய் அந்த மொழிக்கு எழுத்து வடிவம் அமைத்துக் கொடுத்தார்கள். இன்று மிசோரம் மக்கள்தொகையில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள், அவர்களே பல இடங்களுக்கு மிஷனரிகளை அனுப்புகிறார்கள். அதற்கான பணத்தில் ஒரு பங்கு எப்படி வருகிறது தெரியுமா? ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுப்பதிலிருந்து. இப்படிப்பட்ட ஒரு சபைக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்? அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் போகலாம், அதற்கு நிறைய அர்த்தம் இருக்கிறது.

இயேசு எழுபது பேரை அனுப்பிய பகுதியை லூக்கா 10ல் திரும்ப ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பணப்பை வேண்டாம், பை வேண்டாம், எந்த வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களோ அங்கேயே தங்கு, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடு, ஏற்றுக்கொள்ளாவிட்டால் கிளம்பிவிடு. ஊழியத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் விருந்தாளிகளாக, கை ஏந்துகிற நிலையில்தான் அனுப்பப்பட்டார்கள். சமாரியப் பெண்ணிடம் அவரே முதலில் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். நாமோ பெட்டி பெட்டியாகப் பழைய துணியும் பொம்மையும் கட்டிக்கொண்டு போகிறோம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். அழைப்பு இருக்கிறது, சட்டப்படி வேண்டிய அனுமதிகளும் வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் சபை 2007ல் ஏற்ற பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வரும்: சம்மதம் என்பது முன்கூட்டியே, நெருக்கடி இல்லாமல், முழு விவரமும் தெரிந்து கொடுக்கப்பட வேண்டும். அரசாங்கங்களுக்காக எழுதப்பட்டதுதான், ஆனால் ஒரு மிஷன் குழு தன்னைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. என்ன வேலை என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். கிணறு தூர் வாரணும் என்று கேட்டால் அதுதான் வேலை, நமக்குச் சுவரில் படம் வரையத்தான் வரும் என்றால் அந்தத் தடவை நாம் போக வேண்டாம். ஊரிலேயே கொத்தனார் இருக்கும்போது நாம் சுவர் எழுப்பினால் அவர் கூலியை நாம் எடுத்துக்கொள்கிறோம். வைத்திய முகாம் என்றால், சொந்த ஊரில் ஊசி போட அனுமதி இல்லாதவருக்கு அங்கேயும் அனுமதி இல்லை. அதோடு நாம் கிளம்பிய பிறகு அந்த மாத்திரையை யார் தொடர்ந்து கொடுப்பார் என்று தெரியாமல் ஒரு சர்க்கரை நோயாளிக்கு மருந்தைத் தொடங்கவே கூடாது, பக்கத்திலிருக்கும் சுகாதார நிலையத்தைச் சேர்த்துக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். குழுவில் ஒவ்வொருவருடைய பின்னணியையும் முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக் கூடாது, படம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தப் படம் எங்கே போகும் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும். மூக்கு ஒழுகுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த படம் நன்கொடை சேர்க்க உதவும்தான். உங்கள் குழந்தையின் அப்படி ஒரு படத்தை முன்பின் தெரியாதவர் தன் சபைத் திரையில் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

உதவியையும் சுவிசேஷத்தையும் ஒன்றோடொன்று கட்டிவிடக் கூடாது. அரிசிப் பையை வாங்க வந்தவரை ஜெபத்துக்கு நிற்க வைத்தால் அவர் நிற்பார், அவருக்கு வேறு வழியில்லை. அதை விசுவாசம் என்று எண்ணிக்கையில் சேர்த்து எழுதுவது அவருக்கும் அநீதி, கடவுளுக்கு முன்னாலும் பொய். கேட்கிறவர்களிடம் நம் நம்பிக்கையைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொன்னவருக்கும் அதே அரிசி, அதே மரியாதை கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு சிக்கல் பண்பாடு. அவர்களுடைய மேளத்தை ஆராதனையில் அடிக்கலாமா, அறுவடைச் சடங்கில் கிறிஸ்தவர்கள் கலந்துகொள்ளலாமா, பாரம்பரிய உடையில் என்ன அர்த்தம் ஒளிந்திருக்கிறது என்றெல்லாம் அங்கே விவாதம் நடந்துகொண்டிருக்கும். பூர்வகுடி விசுவாசிகளுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து கிடையாது. அந்த விவாதத்தில் பத்து நாள் விருந்தாளிக்கு ஓட்டு இல்லை. ஆதிச் சபையின் முதல் பெரிய சண்டையே இதைப் பற்றியதுதானே, கிரேக்கர் யூதராக மாறாமலே விசுவாசியாகலாமா என்று. அப்போஸ்தலர் 15ல் அதற்கு ஆகலாம் என்று முடிவானது. நம் பாட்டையும் நம் தாளத்தையும் அவர்கள்மேல் ஏற்றும்போது அந்தத் தீர்மானத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். மொழியும் அப்படித்தான். நியூசிலாந்தில் 1840ல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தை மாவோரி மொழியில் ஒரே இரவில் பெயர்த்தவர் ஹென்றி வில்லியம்ஸ், பதினேழு வருடம் அங்கே வாழ்ந்த மிஷனரி. இறையாண்மை என்பதற்கு அவர் போட்ட மாவோரிச் சொல் நிர்வாகம் என்ற அளவுக்குத்தான் அர்த்தம் தரும் என்பதால் அந்தத் தகராறு இன்றுவரை ஓயவில்லை. நாம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் பிரசங்கம் செய்வதைவிட, ஐம்பது சொற்களைக் கற்றுக்கொண்டு போய் அடுப்படியில் உட்காருவது எவ்வளவோ மேல்.

திரும்பி வந்ததும் சபையில் அறிக்கை வாசிக்கச் சொல்வார்கள். இருளில் கிடக்கிற மக்கள், ஒன்றும் இல்லாத மக்கள் என்றெல்லாம் அதில் எழுதிவிடாதீர்கள். அவர்கள் இன்று கைபேசியில் நம் சபைக் காணொளிகளைப் பார்க்கிறார்கள். வாசிக்கும் முன் அதை அந்த ஊரின் மூப்பருக்கோ போதகருக்கோ அனுப்பி, தவறு இருந்தால் சொல்லச் சொல்லுங்கள், சொன்னதைத் திருத்துங்கள், அவர்கள் வேண்டாம் என்ற படத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த வருடமும் வரலாமா என்று அதிலேயே கேட்டுவிடலாம். வாருங்கள் என்றால் அதே ஊருக்கே போங்கள், முடிந்தால் அவர்களில் நாலு பேரை முதலில் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், உங்கள் சபையில் அவர்கள் பிரசங்கிக்கட்டும். இந்த வருடம் வேண்டாம், விதைப்பு வேலை இருக்கிறது என்று பதில் வந்தால், சரி என்று எழுதி அனுப்பிவிட்டு மறுபடி அவர்கள் கூப்பிடும்வரை காத்திருங்கள்.